ஒரே பெயரில் இரண்டு ரத்தம்

ஒரே ஆள் இரண்டு முறை ரத்தம் கொடுத்திருக்கிறான் என்று டாக்டர் சத்தியநாதன் சொன்னபோது ஜெயபுஷ்பத்துக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"பஞ்சாட்சரம். அப்பா பேரு சின்னக்கண்ணு. பொறந்தது ஐம்பத்தேழு. ஆம்பூர் லிஸ்ட்லயும் இருக்கான், ஒடுகத்தூர் லிஸ்ட்லயும் இருக்கான். ரெண்டு டிபன் பாக்ஸ் வாங்கிட்டுப் போயிருக்கான்" என்றார்.

ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் தருவது அந்த ஆராய்ச்சி நிலையத்தின் வழக்கம். வேலூர்ப் பாகாயத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து நடந்த சின்ன நிலையம் அது. ஜெயபுஷ்பம் அங்கே பதினோரு வருடமாக லேப் டெக்னீஷியன். வயது முப்பத்தெட்டு. 2004ஆம் வருடம் முழுக்க அவள் செய்தது ஒரே வேலைதான். ஆம்பூர்ப் பக்கம் தோல் கம்பெனிகளில் வேலை செய்யும் நூற்றிருபது பேர், ஒடுகத்தூரைச் சுற்றிய கிராமங்களில் விவசாயம் செய்யும் நூற்றிருபது பேர், இவர்களுடைய ரத்தத்தில் டெலோமியரின் நீளத்தை அளப்பது.

உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. இழைகள் இருக்கின்றன. அந்த இழைகளின் நுனிக்காப்புதான் டெலோமியர். செல் ஒவ்வொரு தடவை இரண்டாகப் பிரியும்போதும் நுனி கொஞ்சம் தேய்கிறது. வயது ஏற ஏறக் குட்டையாகிறது. ஒரே வயதுக்காரர்களில் சிலருக்கு மட்டும் ஏன் சீக்கிரம் தேய்கிறது, புகை, தூக்கமின்மை, தீராத கவலை, தொழிற்சாலைத் தூசி இதையெல்லாம் அது காட்டுமா, பின்னால் வரப்போகும் நோயைக் காட்டுமா என்று அந்தச் சமயத்தில் உலகத்தில் பல பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தியநாதனும் பார்த்தார்.

இரண்டு பஞ்சாட்சரங்களின் டி.என்.ஏ.வையும் ஒன்பது இடங்களில் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார். ஒன்பதும் பொருந்தின. ஆள் ஒருவன்தான், சந்தேகமில்லை. ஆனால் நுனியின் நீளம் பொருந்தவில்லை. எக்ஸ்ரே பிலிமில் ஒடுகத்தூர் ரத்தத்தின் கருமைப் பட்டை எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நின்றது. ஆம்பூர் ரத்தத்தின் பட்டை அதைவிடக் கீழே இறங்கியிருந்தது, அதாவது நுனி குட்டை. சராசரிக் கணக்குப் போட்டால் இருபது வயது வித்தியாசம்.

"ஒரே ஆளுக்கு மே மாசம் அறுபத்தேழு வயசு, ஜூலைல நாற்பத்தேழா? உங்க கை எங்கியோ தப்பு பண்ணியிருக்கு ஜெயா. இது ஒண்ணு தப்புன்னா மத்தத எப்படி நம்பறது? மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான்."

அவள் இரண்டு முறை திரும்பச் செய்து பார்த்தாள். இரண்டு முறையும் பட்டை அதே இடத்தில் வந்து நின்றது.

கிராமத்து ரத்தம் களப்பணியாளர் நத்தானியேல் எடுத்தது. ஆம்பூர் ரத்தம் அவளே எடுத்தது. அந்த மனிதனை அவளுக்கு நினைவிருந்தது. நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்த வேண்டியிருந்தது. நகக்கண்ணெல்லாம் நீலப் பச்சையாகக் கறை. முன்தலை வழுக்கை, ஒட்டிய கன்னம், பேச்சுக்கு நடுவே இருமல். வயது நாற்பத்தேழு என்றதும் படிவத்திலிருந்து தலையைத் தூக்கி அவனை ஒருமுறை பார்த்தாள். அவனுக்கு அது புரிந்துவிட்டது.

"கார்டுல போட்டிருக்கிறதுதான் சிஸ்டர் வயசு. மூஞ்சிய பாத்து எழுதிடாதீங்க" என்று சிரித்தான்.

ஏமாற்றுகிறவன் பேச்சு மாதிரி அவளுக்கு அது படவில்லை. 2005 பிப்ரவரி முதல் வாரத்தில் லீவு போட்டுவிட்டு ஆம்பூருக்கு பஸ் ஏறினாள்.

கம்பெனி சுற்றுச்சுவரில் வெயிலில் வெளுத்த ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. கண்ணீர் அஞ்சலி. ஒட்டிய கன்னமும் வழுக்கையுமாக அந்த முகம். கீழே பெரிய எழுத்தில் 'சி. பஞ்சாட்சரம்'. ஓரம் கிழிந்து காற்றில் தட்டிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி சர்தார் பாஷா கேட்டுக்கு வெளியே வந்து பேசினார். அறுபது வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி.

"பொங்கல் முடிஞ்சு நாலாம் நாளும்மா. மார்புல வலின்னு உக்காந்தான். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சுபோச்சு. நல்ல மனுசன். இருபத்தேழு வருசத்துல ஒருநாள் பேஜார் பண்ணினதில்ல."

"அவருக்கு ஒடுகத்தூர்ல வீடு இருக்கா? அங்க விவசாயம் பாப்பாரா?"

"சொந்த ஊரு அதான். ஆனா அவன் எங்க போவான் விவசாயத்துக்கு? ஞாயித்துக்கிழமகூட டிரம் சுத்துதான்னு எட்டிப் பாத்துட்டுப் போற ஆளு." பாஷா கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. அடக்கத்துக்கு ஒருத்தன் வந்திருந்தான். துண்டால மூஞ்சிய மூடிக்கினு கடைசியில நின்னான். துண்டு வெலகிச்சு. நான் பாத்தேன். செத்தவனேதான். பத்து வருசத்துக்கு முன்னாடி எப்படி இருந்தானோ அப்படி. கண்ண தொடச்சிட்டுப் பாக்குறேன், ஆளக் காணோம். வீட்ல சொன்னா சிரிக்கிறாங்க."

ஜெயபுஷ்பம் சிரிக்கவில்லை. ஒன்பது இடங்களும் பொருந்தியதன் காரணம் அவளுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. போஸ்டரை நிமிர்ந்து பார்க்காமல் சாலைக்கு வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை வேலூரிலிருந்து ஒடுகத்தூர் பஸ். அங்கிருந்து மலையைப் பார்த்து இரண்டு கிலோமீட்டர் நடை. பஞ்சாட்சரம் வீடு எது என்று கேட்டதும், கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிப்போட்டிருந்த இடத்தைக் காட்டினார்கள். ஒரு ஆள் குனிந்து செடியை உதறிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான்.

தயாராகத்தான் போயிருந்தாள். ஆனாலும் கால் நின்றுவிட்டது. அவள் மூன்று முறை ஊசி குத்திய மனிதன் நிறைய முடியோடும் நிரம்பிய கன்னத்தோடும் எதிரே நின்று, "யாரும்மா நீங்க?" என்றான். குரலும் அதே குரல். இருமல் மட்டும் இல்லை.

"பாகாயத்துல இருந்து வர்றேண்ணா. ரத்தம் குடுத்தீங்களே, அந்த லேப். ஆம்பூர்ல அவர்கிட்ட ரத்தம் எடுத்தது நான்தான்."

அவன் கையிலிருந்த செடியைக் கீழே போட்டான். சுற்றும் முற்றும் பார்த்தான். பிறகு கிணற்று மேட்டுப் பக்கம் நடந்தான். அவளும் போனாள்.

"ஏகாம்பரம். என் தம்பி" என்றான். "நான் பொறந்து கால் மணி நேரம் கழிச்சுப் பொறந்தான்."

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரு எப்படிண்ணா?"

கேட்க ஆள் இல்லாமல் வெகுநாள் உள்ளே கிடந்த பேச்சு அது. ஆரம்பித்த பிறகு அவன் நிறுத்தவில்லை.

எழுபத்தேழில் அவர்களுக்கு இருபது வயது. மழை பொய்த்த வருடம். தெரிந்தவர் ஒருவர் ஆம்பூர் தோல் கம்பெனியில் ஒரு ஆளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். மூத்தவன் என்பதால் பஞ்சாட்சரம் போனான். பதிவேட்டில் பேர் எழுதினார்கள். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை வெளியே இழுத்து மயிர் வழிக்கிற வேலை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் விடிகாலையில் முதல் பஸ் பிடித்து ஊருக்கு வந்துவிட்டான்.

"அப்பா அடிக்க வந்தாரு. தம்பிதான் நடுவுல பூந்தான். 'அவனுக்கு மூக்கு சரியில்ல, நான் போறேன். மூஞ்சி ஒண்ணுதான, யாருக்குத் தெரியப்போவுது'ன்னான். ஒரு மாசம், அப்புறம் மாத்திக்கலாம்னு பேச்சு சிஸ்டர். ஒரே மாசம்."

மாற்றிக்கொள்ளவில்லை. மாதம் வருடமாயிற்று. ஏகாம்பரத்துக்கு ஆம்பூரிலேயே வீடு, ரேஷன் கார்டு, ஓட்டு, எல்லாம் அண்ணன் பெயரில். விஜயகுமாரி என்ற பெண்ணைக் கட்டிவைத்தார்கள். அவளுக்கு விஷயம் தெரியும். வெளியே யாருக்கும் தெரியாது. ஊருக்கு வந்தால் ஏகாம்பரம், பஸ் ஏறினால் பஞ்சாட்சரம். தோல் பதனிடச் சுழலும் குரோம் டிரம்மில் பதினெட்டு வருடம். பாதி நாள் இரவு ஷிப்ட். பீடி. பிறகு இருமல்.

"தொண்ணூத்தெட்டுல வந்தான். இந்தக் கெணத்து மேட்லதான் உக்காந்திருந்தோம். 'மூச்சு வாங்குதுண்ணா. ஒரு ஆறு மாசம் நீ போறியா? நான் இங்க காத்தாட இருக்கேன்'னு கேட்டான். சிரிச்சுக்கினேதான் கேட்டான்."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"'மூஞ்சிய பாருடா. நீ எனுக்கு அண்ணன் மாதிரி இருக்க. இப்ப போனா கண்டுபுடிச்சிடுவாங்க'ன்னேன்." அவன் கிணற்றுக்குள் பார்த்தபடி இருந்தான். "அது நெசம்தான் சிஸ்டர். கண்டுபுடிச்சிருப்பாங்க. ஆனா அதுக்காக நான் சொல்லல. போவ மனசில்ல. அவன் தலைய ஆட்டினான். அதுக்கப்புறம் கேக்கவே இல்ல."

போன மாதம் சாவுச் செய்தி வந்து ஆம்பூரில் இறங்கியபோது, பஸ் ஸ்டாண்டு சுவரில் தன் பெயரோடு கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்ததைப் பார்த்தான். பூக்கடைக்காரி அவனையும் போஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். ஊரிலிருந்து வந்தவர்களிடம், அச்சடித்தவன் பேரை மாற்றிவிட்டான் என்று சொல்லிச் சமாளித்தான். சுடுகாட்டு நோட்டில் பஞ்சாட்சரம் என்று எழுதினார்கள். இறப்புச் சான்றிதழிலும் அதுதான்.

"அதுல இருந்து வீட்ல என் பேரச் சொல்லிக் கூப்ட்டா யாரையோ கூப்புட்ற மாதிரி இருக்கு. நான் திரும்புறதில்ல. வேர்க்கடலை புடுங்கின கையில மண்ணு வாசனைதான வரணும்? சுண்ணாம்புல ஊறின தோல் வாசனை வருது. மூணு நாள் செஞ்ச வேல சிஸ்டர், இருபத்தேழு வருசத்துக்கு முன்னாடி. மோந்து பாக்குறீங்களா?" கையை நீட்டினான். அவள் முகர்ந்தாள். பச்சை மண் வாசனைதான் வந்தது. சொன்னாள். அவன் நம்பவில்லை.

கடைசியில் அவன் கேட்டான். "எங்க ரெண்டு பேரு ரத்தத்துல இன்னா தெரிஞ்சுது?"

தனி மனிதர்களுக்கு முடிவைச் சொல்லக்கூடாது என்பது விதி. சொன்னாலும் ஒருவருக்கு அதில் அர்த்தம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். எதற்காக அளக்கிறார்கள் என்று மட்டும் சொல்லப் பார்த்தாள். மாட்டுக்குக் கட்டும் தாம்புக்கயிறு பிரிந்துபோகாமல் இருக்க நுனியில் முடிச்சுப் போடுவார்களே, அது மாதிரி உடம்பின் இழைகளுக்கும் ஒரு காப்பு இருக்கிறது, அது தேயும் என்றாள்.

"தேஞ்சா பிரிஞ்சிடும்."

"அப்படின்னு உடனே சொல்ல முடியாதுண்ணா."

"அவனுது என்னுதவிடத் தேஞ்சிருந்துதா?"

அவள் பார்வையைக் கிணற்றுக்குள் திருப்பிக்கொண்டாள். அதுவே பதிலாகிவிட்டது. பிறகு அவசரமாக, பீடியா, தூக்கம் கெட்டதா, ரசாயனமா, எது தேய்த்தது என்று அந்தச் சோதனைக்குச் சொல்லத் தெரியாது, அதனால்தான் இறந்தார் என்றும் சொல்ல முடியாது என்றாள். அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"தேய வேண்டியது என் ஒடம்பு சிஸ்டர். எனக்குப் பதிலா அவன் தேஞ்சான்" என்றான்.

கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டான். கம்பெனிக்குத் தெரிந்தால் விஜயகுமாரிக்கு வரவேண்டிய பென்ஷன் நின்றுவிடும். அவளும் மகள் பூர்ணிமாவும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். வெளியே சொல்லவேண்டாம்.

திங்கட்கிழமை ஜெயபுஷ்பம் சத்தியநாதனிடம் போய் நின்றாள்.

"ரெண்டும் ஒரே ஆள் இல்ல சார். இரட்டைப் பிள்ளைங்க. ஆம்பூர்ல இருந்தவர் தம்பி, ஏகாம்பரம். அண்ணன் பேரையும் கேட்டிருந்தேன், எழுதும்போது மாத்தி எழுதிட்டேன். என் தப்பு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஜெயா, அன்னைக்கு எல்லாரோட பேரையும் கம்பெனி கார்ட பாத்துத்தான எழுதினோம்?"

"இவர் கார்டு எடுத்துட்டு வரல சார்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மேலே எதுவும் கேட்கவில்லை. கவனக்குறைவு என்று ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். பதினோரு வருடத்தில் அவள் வாங்கிய முதல் கடிதம். அளவுகள் தூக்கிப் போடப்படாமல் தப்பின. பிறகு அவருடைய குரலே மாறிவிட்டது. ஒரே கருவில் பிறந்த இருவர், ஒருவன் தோல் கம்பெனியில், ஒருவன் வயலில். எந்த ஆராய்ச்சிக்காரனும் திட்டம் போட்டு இதை உண்டாக்க முடியாது என்றார். "ரெண்டே பேர வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். இருந்தாலும் உயிரோட இருக்கிறவர விடக்கூடாது. ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி அளக்கணும்."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. 2007 மார்ச்சில் பஞ்சாட்சரம் தானாகவே பாகாயத்துக்கு வந்தான். படிவத்தில் எழுதிக்கொண்டிருந்த ஜெயபுஷ்பம் மேசைக்கு முன்னால் நிழல் விழுந்ததும் தலையைத் தூக்கினாள். ஆம்பூர்க்காரன் நின்றுகொண்டிருந்தான். ஒட்டிய கன்னம், ஏறிய நெற்றி. "நான்தான் சிஸ்டர், பெரியவன்" என்று அவன் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

கையைப் பிடித்து நரம்பு தேடினாள். சட்டையிலிருந்து பீடி வாடை அடித்தது. முதல் தடவை நத்தானியேல் எழுதிவந்த படிவத்தில், பீடி தொட்டதே இல்லை என்று இருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

"எப்ப இருந்து இது?"

"ரெண்டு வருசமா. ஒரு நாளைக்கு மூணு கட்டு. அவன் அவ்ளோதான் குடிப்பானாம், விஜயகுமாரி சொல்லிச்சு." தூக்கமும் விட்டுவிட்டதாகச் சொன்னான். இரவு ஷிப்ட் நேரத்தில் எழுந்து கொல்லையில் உட்கார்ந்திருப்பானாம். ஏதோ விரதம் இருப்பவன் மாதிரி நிதானமாகச் சொன்னான்.

மூன்று வாரம் கழித்து பிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தாள். அவனுடைய பட்டை இறங்கியிருந்தது. மூன்று வருடத்துக்குள் அவ்வளவு இறங்கக் கூடாது. அளவில் வரும் வழக்கமான பிசகாக இருக்கலாம் என்றார் சத்தியநாதன். இருக்கலாம்தான். அவள் அன்று சாப்பிடவில்லை.

முடிவு கேட்டு அவன் மறுபடி வந்தான். வராந்தாவில் நின்றபடியே கேட்டான்.

"கிட்ட வந்துட்டேனா சிஸ்டர்? அவன் அளவுக்குத் தேய இன்னும் எவ்ளோ இருக்கு?"

கண்ணில் ஒரு ஆவல். பரீட்சை மார்க் கேட்க வந்தவன் முகம். அதைப் பார்த்ததும் அவளுக்குப் பயமும் கோபமும் சேர்ந்து வந்தன.

"இன்னாண்ணா பண்ணிக்கினு இருக்கீங்க? நீங்க தேஞ்சா அவரு நீளமாயிடுவாரா? அவரு எங்க நின்னாரோ அங்கயே நின்னுட்டாரு. நீங்க எறங்கிப் போயி பாத்தா அங்க யாரும் இருக்க மாட்டாங்க."

"அவன் கேட்டப்ப போகல இல்ல."

"போகல. தப்புதான். அத இப்படி அளந்து தீக்க முடியாது. இந்தச் சோதனை அதுக்கு இல்லண்ணா."

அவன் நின்றான். இருமல் வந்தது. இருமி முடித்துப் படியிறங்கிப் போனான். கேட் வரைக்கும் போய் ஒருமுறை நின்றான். திரும்பவில்லை.

அன்று மாலையே அவனுடைய படிவத்தை எடுத்து, 'மேற்கொண்டு கலந்துகொள்ள விருப்பமில்லை' என்று அவள் எழுதினாள். அந்த இரண்டு சகோதரர்களுக்காக அவள் சொன்ன இரண்டாவது பொய். சத்தியநாதன் வருத்தப்பட்டார். இனி அவன் வந்தால் அளக்க மாட்டார்கள், அளவு இல்லாவிட்டால் அவன் துரத்துவதற்கு ஒன்றும் இருக்காது என்று அவள் நினைத்தாள். சரியாகத்தான் நினைத்தாளா என்று பல நாள் விழித்துக் கிடந்தாள். அவன் மறுபடி வரவில்லை.

கட்டுரை அச்சில் வந்தது. தோல் தொழிலாளர்களின் நுனிகள் குட்டையாக இருந்தன, புகைப்பழக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் பாதியாகக் குறைந்தது என்று அதில் இருந்தது. இரட்டையரைப் பற்றி ஒரே ஒரு வரி.

2009இல் ஆய்வு முடிந்தது. ரத்தம் கொடுத்த எல்லோருக்கும் நன்றிக் கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்க நத்தானியேல் கிராமம் கிராமமாகப் போனான். ஒடுகத்தூர்ப் பக்கம் போய்விட்டு வந்தவன் தோள்பையிலிருந்து ஒரு துணி மூட்டையை மேசைமேல் வைத்தான். வறுக்காத வேர்க்கடலை.

"அந்த பஞ்சாட்சரம் குடுத்தாருக்கா. லேப்ல எல்லாருக்கும்னாரு. கையெழுத்து போடச் சொன்னா ஏகாம்பரம்னு போட்டாரு. இன்னாய்யா பேரு மாத்திப் போட்டன்னு கேட்டா, சரியாத்தான் போட்டிருக்கேன், எடுத்துக்கினு போன்னுட்டாரு. வேற தாள்ல வாங்கிட்டு வரட்டுமா?"

"வேணாம். இருக்கட்டும்" என்றாள் ஜெயபுஷ்பம். கொஞ்சம் பொறுத்து, "ஆளு எப்படி இருக்காரு?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்காரு. வயசாயிடுச்சு."

"பீடி குடிக்கிறாரா?"

நத்தானியேல் யோசித்தான். "கவனிக்கலக்கா" என்றான்.